ஸ்லாப் விறகும் நல்ல ஃபர்னஸும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவில் ஒன்டாரியோ, கியூபெக், அமெரிக்காவில் மெய்ன், வெர்மான்ட், விஸ்கான்சின் என்று காடு சூழ்ந்த பகுதிகளில் மர அறுவை மில்கள் நிறைய. உருண்டை மரத்தைச் சதுரமாக்கும்போது பட்டையோடு சேர்ந்து விழும் ஓரப்பலகையை அங்கே ஸ்லாப் என்பார்கள். மில்லுக்கு அது கழிவு என்பதால் கட்டுக் கட்டாக மலிவாகக் கொடுத்துவிடுவார்கள். வீட்டைச் சூடாக்கும் நல்ல விறகு ஃபர்னஸ் இருந்தால் இதை வைத்தே குளிர்காலத்தை ஓட்டிவிடலாம். அப்படி ஓட்ட முடியாமல் போகிறவர்கள் பெரும்பாலும் ஃபர்னஸைக் குறை சொல்வார்கள். நான் விறகைத்தான் முதலில் பார்ப்பேன்.

அக்டோபரில் வாங்கி நவம்பரில் எரிப்பதுதான் மிகப் பெரிய தவறு. மரம் உயிரோடு இருக்கும்போது நீரைக் கடத்துவது அதன் வெளிப்பகுதி. ஸ்லாப் பெரும்பாலும் அங்கிருந்தே வருகிறது. அதனால் அன்று அறுத்த பைன், ஸ்புரூஸ் ஸ்லாபில் எடையில் பாதி அளவுக்குத் தண்ணீர் இருக்கும். எரிக்கும் விறகில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

ஈரம் இருந்தால் கொஞ்சம் வெப்பம் குறையும், அவ்வளவுதானே என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கும் முதலில் அப்படித்தான் காட்டும். ஒரு கிலோ பச்சை ஸ்லாபில் இருக்கும் அரைக் கிலோ மரம் ஏறக்குறைய 9 மெகாஜூல் வெப்பம் தரும். மீதி அரைக் கிலோ நீரை ஆவியாக்க 1.3 மெகாஜூல் போதும். ஆனால் பெரிய இழப்பு வேறு இடத்தில் நடக்கிறது. விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி அதிலிருந்து கிளம்பும் புகை வாயுவில் இருக்கிறது. அது எரிய ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் தேவை. இன்றைய ஃபர்னஸ்கள் சூடான காற்றை இரண்டாவது முறை செலுத்தி அந்தப் புகையை எரிப்பதால்தான் குறைந்த விறகில் அதிக வெப்பம் தருகின்றன. ஈர விறகு ஃபர்னஸின் எரி அறையைக் குளிரவைத்துவிட்டால் இந்த இரண்டாம் எரிப்பே நடக்காது. காசு புகையாகிக் கூரைக்கு மேலே போகும். அமெரிக்காவில் 2020 மே 15 முதல் புதிய ஃபர்னஸ்களுக்குப் புகை வரம்பு கடுமையாகிவிட்டது. ஆனால் அந்த வரம்புக்கான சோதனைகளில் மில்லிலிருந்து சொட்டச் சொட்ட வந்த மரத்தை எரிப்பதில்லை.

சரி, வசந்தத்திலேயே வாங்கிவிட்டீர்கள். கட்டைப் பிரிக்காமல் தார்ப்பாயால் முழுக்க மூடி வைத்தால் அதுவும் வீண். தட்டைப் பலகைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், நடுவில் காற்று போகாது, பூஞ்சை பிடிக்கும். ஃபர்னஸுக்கு ஏற்ற நீளத்தில் அறுத்துவிடுங்கள்; அறுபட்ட முனைகள் வழியாகத்தான் நீர் வேகமாக வெளியேறும். தரையில் படாமல், குறுக்கும் நெடுக்குமாக, பட்டைப் பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கி, மேலே மட்டும் மூடுங்கள். பைன் என்றால் வெயிலும் காற்றும் உள்ள இடத்தில் ஒரு கோடை போதும். ஓக் என்றால் இரண்டு கோடை விடுங்கள். ஈரமானியைப் புதிதாகப் பிளந்த முகத்தில் குத்திப் பாருங்கள். வெளிப்புறம் எப்போதும் காய்ந்ததாகவே காட்டும்.

அடுத்தது, ஸ்லாபைக் கட்டை விறகு போல நினைத்து ஃபர்னஸை நிரப்புவது. மெல்லிய பலகைகள் ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டு பெரும் வெப்பம் தரும். ஃபர்னஸின் உலோகத் தகடு வளைந்துபோகும், விரிசல் விடவும் செய்யும். அதைப் பார்த்துப் பயந்து காற்றை அடைத்தால் தீ குமையும், புகை எரியாமல் மேலே போய்ப் புகைபோக்கியின் குளிர்ந்த சுவரில் கிரியோசோட் என்ற தார் போன்ற பொருளாகப் படியும். பின்னாளில் அது பற்றினால் 1,000 டிகிரியைத் தாண்டும், வீடே போய்விடும். கொஞ்சமாகப் போட்டு அடிக்கடி எரியுங்கள், அல்லது பிளந்த கட்டையோடு கலந்து போடுங்கள். பெரிய நீர்த்தொட்டியோடு இணைந்த பாய்லர் வைத்திருப்பவர்களுக்கு ஸ்லாப் அருமையாகப் பொருந்தும்: முழு வேகத்தில் எரித்து, வெப்பத்தை நீரில் சேமித்து, நாள் முழுக்க எடுத்துக்கொள்ளலாம். புதிதாக வாங்குகிறவர்கள் இதை யோசிக்கலாம்.

பைன் எரித்தால் புகைபோக்கி அடைக்கும் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். கிரியோசோட்டுக்குக் காரணம் ஈரமும் காற்றுக் குறைவும்தான். எந்த மரமானாலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது புகைபோக்கியைச் சோதிக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வேண்டும்.

மலிவாகக் கிடைக்கிறதென்று ஸ்லாபைத் தொலைவிலிருந்து ஏற்றி வராதீர்கள். வட அமெரிக்காவில் 2002-இல் டெட்ராய்ட் பக்கம் கண்டறியப்பட்ட எமரால்ட் ஆஷ் போரர் என்ற பச்சை வண்டின் புழு பட்டைக்கு அடியில்தான் வாழும். கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் செத்துவிட்டன. அந்த வண்டு புது ஊர்களுக்குப் பரவியதில் விறகு வண்டிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஸ்லாபில் இருப்பதே பட்டையும் அதன் அடிப்பகுதியும்தான். உங்கள் ஊர் மில்லிலேயே வாங்குங்கள்.

பட்டை எரிந்தால் சாம்பல் அதிகம், அடிக்கடி அள்ள வேண்டியிருக்கும். அதை மூடியுள்ள உலோக வாளியில் போட்டு வீட்டுக்கு வெளியே, மரத்தாலான எதிலும் படாமல் வையுங்கள். அள்ளி ஓரிரு நாள் ஆன பிறகும் உள்ளே கங்கு இருக்கலாம்.