கூக்கூக் கோழியில் வரியும் மஞ்சள் காலும்: முதல்முறை இனம் எடுப்பவர்களுக்கு

கால் வெளுத்துவிட்டது என்று முதல் வருஷம் மூன்று நல்ல பெட்டைகளை விற்றுவிட்டேன். வாங்கியது நாலு வீடு தள்ளியிருக்கும் ஓர் அக்கா. அடுத்த ஏப்ரலில், பழைய இறகு உதிர்ந்து புதிது முளைத்த பிறகு, அதே கோழிகளை அவர் கொல்லையில் பார்த்தேன். கால் மூன்றுக்கும் அரைத்த மஞ்சள் நிறம். "என்னத்துக்குத் தம்பி இதைப் போய் வித்தே?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் டோங்காட்டிலும் சாட்ஸ்வொர்த்திலும் புதிதாக வளர்ப்பவர்கள் இதே தவற்றைச் செய்வதை இன்றும் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கூக்கூக் இந்த நாட்டிலேயே உருவான இனம். 1950களில் போட்செஃப்ஸ்ட்ரூம் வேளாண் கல்லூரியில் மாரே என்பவர் கறுப்பு ஆஸ்திரலார்ப்பையும் வெள்ளை லெகார்னையும் கலந்து இதை எடுத்தார். உடம்பு முழுக்கக் கறுப்பு வெள்ளை வரி, மஞ்சள் கால், பழுப்பு முட்டை. ஆஸ்திரலார்ப்புக்குக் கால் கறுத்திருக்கும், உள்ளங்கால் வெள்ளை. லெகார்னுக்குக் கால் மஞ்சள். இந்த இரண்டு ரத்தமும் உள்ளே இருப்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தீனி

கோழியைக் கழிப்பதற்கு முன் ஆறு வாரம் தீனியைச் சரி செய்யுங்கள். காலின் மஞ்சளைக் கோழி தானாக உண்டாக்கிக்கொள்வதில்லை, தின்பதிலிருந்து எடுத்துக்கொள்கிறது. இங்கே நாம் பாப் என்னும் களி கிண்டுவது வெள்ளை மீலியில், அதாவது வெள்ளைச் சோளத்தில் (மக்காச்சோளம்); கால்நடைக்குப் போவது மஞ்சள் மீலி. சமையலறையில் மிஞ்சிய வெள்ளை மீலியையே போட்டு வளர்த்தால் எவ்வளவு நல்ல ரத்தமானாலும் கால் வெளிறும். மஞ்சள் மீலியும், லூசர்னோ (குதிரைமசால்) கீரையோ பச்சையாக ஒரு கைப்பிடியும் தினமும் கொடுங்கள்.

முட்டையிடும் பெட்டையை இன்னும் பொறுமையாகப் பார்க்க வேண்டும். அதன் மஞ்சளெல்லாம் கருவுக்குப் போய்விடும். முதலில் ஆசனவாய் ஓரம் வெளுக்கும், பிறகு கண் வளையம், பிறகு அலகு, கடைசியில் கால். ஆகவே பல மாதம் விடாமல் முட்டையிட்டு வெளுத்த கால் நல்ல பெட்டையின் அடையாளம். நான் விற்றது அப்படிப்பட்ட மூன்றைத்தான். முட்டை நின்றதும் மஞ்சள் அதே வரிசையில் திரும்பி வரும். கால் செதில் தூக்கிக்கொண்டு பொருக்குத் தட்டியிருந்தால் அது செதில் பூச்சி. வாசலின் தடவிக் குணப்படுத்திய பிறகு நிறம் பாருங்கள்.

இறகு பார்ப்பது

காலை வெயிலில் கோழியை இடுப்போடு அணைத்துப் பிடித்து இறக்கையை விசிறிபோல விரியுங்கள். பெரிய இறகில் நுனியிலிருந்து அடிவரை வரி ஓட வேண்டும். முழுக் கறுப்பாக ஓர் இறகு நின்றாலும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து வால், அதற்குப் பிறகு கழுத்து.

வரி மரபணுவைச் சேவல் இரண்டு பிரதியாகவும் பெட்டை ஒன்றாகவும் சுமக்கின்றன. அதனால்தான் சேவலில் வெள்ளை அகன்று வெளிர் சாம்பலாகவும், பெட்டையில் கறுப்பு ஓங்கியும் தெரிகிறது. பெட்டை அளவுக்கே கறுத்த சேவல் ஒன்று கண்ணில் பட்டால் சந்தேகப்படுங்கள். அதனிடம் ஒரே பிரதிதான் இருக்கும். அதன் மகள்களில் பாதி முழுக் கறுப்பாக வரும். பார்க்க எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும் அதை இனத்துக்கு வைக்கக் கூடாது என்பது என் முடிவு.

கால் பார்ப்பது

கோழியைத் திருப்பி உள்ளங்காலைப் பாருங்கள். தீனி சரியாக இருந்தும், முட்டையிடாத நாளிலும், உள்ளங்கால் வெள்ளையாக இருந்தால் அது ரத்தம்தான். வெள்ளைத் தோல் ஓங்கி நிற்கும் குணம், மஞ்சள் அடங்கி வரும் குணம். தாய் தந்தை இருவரும் மஞ்சளானால் குஞ்சு அத்தனையும் மஞ்சள். பக்கத்து வீட்டு ஆஸ்திரலார்ப் சேவல் ஒரு நாள் வேலி தாண்டினாலும் அந்தக் குஞ்சுகளுக்கு மஞ்சள் கால் கிடையாது.

இந்த மஞ்சள் தோல் நம் தென்னிந்தியக் காட்டில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வீட்டுக்கோழிக்கு வந்தது என்று 2008இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று காட்டியது. 1860இல் மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே நம் பக்கத்து மஞ்சள் உலகம் சுற்றக் கிளம்பிவிட்டது. எனக்கு அதில் பெருமைதான்.

பெட்டையின் கால் முன்புறம் லேசாகக் கரி தடவியதுபோல் இருந்தால் நான் கழிப்பதில்லை. வரியினங்களில் அது சகஜம். கால் முழுக்கப் பச்சை பாய்ந்திருந்தால் மட்டும் கழிக்கிறேன். அந்தக் குறையைப் பெட்டையால் மறைக்க முடியாது, இருந்தால் வெளியே தெரிந்துவிடும். மஞ்சள் காலுள்ள சேவல் மறைத்து வைத்திருந்து மகள்களில் பாதிக்குக் கொடுத்துவிடும்.

சேர்ப்பது

ஆடிக் கூழ்ப் பூசை முடிந்து, ஆகஸ்ட் கடைசியில் நான் கூண்டு போடுகிறேன். ஆடியில் நேர்த்திக்கடனுக்குச் சேவல் கேட்டு ஆள் வரும். அதற்கென்று தனியாகச் சேவல் வளர்த்துக்கொள்ளுங்கள். இனச்சேவலுக்குக் கால் வளையம் மாட்டி, வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்.

ஒரு சேவலுக்கு ஆறேழு பெட்டை போதும். முன்பு வேறு சேவலோடு இருந்த பெட்டையானால் மூன்று வாரம் கழித்து விழும் முட்டையைத்தான் அடைக்கு எடுக்க வேண்டும், பழைய விந்து அவ்வளவு நாள் உள்ளே தங்கும். அடைக்கோழியோ இன்குபேட்டரோ, 21 நாள்.

குஞ்சும் கழிப்பும்

பொரித்த அன்றே தலையைப் பாருங்கள். உச்சியில் பெரிதாக, ஓரம் கலைந்த வெள்ளைப் பொட்டு இருந்தால் சேவல். பொட்டு சின்னதாகவோ இல்லாமலோ தலை கறுத்திருந்தால் பெட்டை. கால் நிறத்தை அன்று பார்க்காதீர்கள். குஞ்சில் கறுத்த கால் வளர வளரத் தெளியும், பச்சை சில மாதம் கழித்தே ஏறும். நான் 16 வாரம் காத்திருந்துதான் கழிக்கிறேன்.

வளைய எண், தாய், தந்தை, இறகுக் குறை, உள்ளங்கால் நிறம் எல்லாவற்றையும் ஒரு பள்ளி நோட்டில் எழுதுங்கள். ஒரு சேவலின் மகள்களில் குறைந்தது பத்து 16 வாரம் தாண்டி, அவற்றில் கறுப்பும் பச்சைக் காலும் ஒன்றுகூட இல்லை என்றால், அந்தச் சேவலை அடுத்த ஆகஸ்டிலும் கூண்டில் விடுங்கள்.