உங்கள் குருட்டுப்புள்ளியை நீங்களே கண்டுபிடியுங்கள்

கண் மருத்துவமனையில் பார்வைப் புலச் சோதனை, அதாவது நேரே பார்க்கும்போது சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கும் சோதனை, எடுப்பது என் வேலை. பார்வை நரம்பைக் கெடுக்கும் க்ளாக்கோமா நோயால் பக்கப் பார்வை நிறையவே போன பிறகும், "எனக்கு எல்லாம் நல்லாத்தானே தெரியுது" என்று சொல்பவர்கள் பலர். அவர்கள் சொல்வது பொய்யில்லை. பார்வை போன இடம் கறுப்பாகத் தெரியாது. சுற்றியுள்ளதை வைத்து மூளை அதை நிரப்பிவிடும். வாயால் சொன்னால் நம்புவது கஷ்டம். அதனால் தாளும் பேனாவும் எடுத்துவிடுவேன்.

வெள்ளைத் தாளின் இடப்பக்கம் சின்னதாக ஒரு கூட்டல் குறி போடுங்கள். அதற்கு நேர் வலப்பக்கம் 8 செ.மீ. தள்ளி, சட்டைப் பட்டன் அளவில் ஒரு கறுப்பு வட்டம். இடது கண்ணை உள்ளங்கையால் மூடுங்கள், அழுத்த வேண்டாம். வலது கண் கூட்டல் குறியை மட்டும் பார்க்கட்டும். தாளைக் கை நீட்டிப் பிடித்து, மெல்ல முகத்தருகே கொண்டுவாருங்கள். ஏறத்தாழ 30 செ.மீ. தூரத்தில் வட்டம் மறைந்துவிடும். இன்னும் கிட்டே வந்தால் திரும்பத் தெரியும்.

மறையவில்லையா? பெரும்பாலும் கண் வட்டத்தின் பக்கம் ஓடியிருக்கும். தலையோ தாளோ சாய்ந்திருந்தாலும் சரிப்படாது.

வட்டம் மறைந்த இடம்தான் உங்கள் குருட்டுப்புள்ளி. கண்ணுக்குள் பார்வை நரம்பு விழித்திரையை விட்டு வெளியேறும் இடம் அது. ஒளியை உணரும் செல் அங்கே ஒன்றுகூடக் கிடையாது. 17ஆம் நூற்றாண்டில் பிரான்சின் எட்மே மரியோட் இதைக் கண்டறிந்தார்.

சரி, வட்டம் மறைந்தபோது அங்கே என்ன இருந்தது? ஓட்டை இல்லை, வெறும் வெள்ளைத் தாள். மஞ்சள் தாளில் செய்தால் மஞ்சள். எனக்கு மிகவும் பிடித்தது அடுத்தது: வட்டத்துக்குப் பதில் அதே இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு தடித்த கோடு போட்டு, நடுவில் 1 செ.மீ. இடைவெளி விடுங்கள். இடைவெளி குருட்டுப்புள்ளியில் விழுந்ததும் இரண்டு துண்டும் ஒட்டிக்கொண்டு முழுக் கோடாகிவிடும். வரைந்தது நீங்கள்தான், உடைந்திருப்பதும் தெரியும். ஆனாலும் முழுசாகத்தான் தெரியும்.

இதை வைத்து க்ளாக்கோமா இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் கண் மருத்துவரிடம் போய்க் கேளுங்கள். புலச் சோதனையில் நடுவிளக்கையே பார்த்தபடி, மங்கலான வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். பல கருவிகள் இடையிடையே குருட்டுப்புள்ளியிலும் ஒரு வெளிச்சம் போடும். அதற்கும் அழுத்தினால், கண் நகர்ந்துவிட்டதோ என்று பார்ப்போம்.