அலுமினிய எஞ்சினில் மரை போனால் செய்யக் கூடாதவை

ஆயில் மாற்றிவிட்டு, ஆயில் வடிக்கும் ட்ரெயின் போல்ட்டை முறுக்கும்போது அது இறுகாமல் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தால் மரை போய்விட்டது என்று பொருள். அது பெரிய கேடு இல்லை. காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ நிதானமாக வேலை செய்யும் ஒரு லேத் பட்டறையில் காட்டினால் சரிசெய்துவிடலாம். அந்த ஓட்டையை உண்மையில் கெடுப்பது, அப்புறம் அவசரத்தில் செய்யும் வேலைகள்தான். ஓட்டையைச் சுற்றி எவ்வளவு அலுமினியம் மிச்சம் இருக்கிறதோ, அவ்வளவுதான் ரிப்பேருக்கு இடம்.

டெப்லான் டேப் சுற்றுவது, எம்-சீல் அப்புவது இரண்டும் வேண்டாம். கசிவு சில நாள் நிற்கலாம், பிடிப்பு வராது. ஒரு சைஸ் பெரிய போல்ட்டை அப்படியே முறுக்கி ஏற்றுவது இன்னும் மோசம். அது சாய்ந்து ஏறும், சுவர் விரிசல் விடும். முறையாக டேப் (மரை வெட்டும் கருவி) போட்டுப் பெரிய போல்ட் வைப்பதை ட்ரெயின் ஓட்டைக்கு வேண்டுமானால் ஒத்துக்கொள்ளலாம். சிலிண்டர் ஹெட்டைப் பிடிக்கும் ஸ்டட்டுக்கு வேண்டவே வேண்டாம்.

சரியான வழி ஹெலிகாயில். ஸ்பிரிங் மாதிரி சுருண்ட ஸ்டெயின்லெஸ் கம்பியை ஓட்டைக்குள் பதித்தால் பழைய சைஸ் போல்ட்டே திரும்பப் பொருந்தும். இதிலும் முதல் சறுக்கல் சைஸ் சொல்வதில் வரும். கடையில் ‘10 நம்பர் போல்ட்’ என்பது ஸ்பேனர் அளவு, பெரும்பாலும் அதன் மரை 6 மில்லிமீட்டர். அதை நம்பி 10 மில்லிமீட்டர் கிட் வாங்கி வருபவர்கள் உண்டு. கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீட்டுக் கொட்டகையில் நிற்கும் பழைய புல்லட் என்றால் இன்னும் கவனம் தேவை, அதில் அங்குலக் கணக்கிலான இங்கிலீஷ் மரைகள் இருக்கும். மரையின் இடைவெளியை அளக்கும் பிட்ச் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

6 மில்லிமீட்டர் மரைக்கு சுமார் 6.3, 8 மில்லிமீட்டருக்கு சுமார் 8.3 மில்லிமீட்டர் டிரில் பிட் போதும். டேப் மட்டும் கிட்டோடு வருவதாகவே இருக்கட்டும், சாதாரண டேப் இதற்குப் பொருந்தாது. கையில் பிடித்த டிரில்லால் குத்துமதிப்பாகத் துளைத்தால் சாய்ந்துவிடும். எஞ்சினைக் கழற்றி டிரில்லிங் மெஷினில் வைக்க முடியாவிட்டால், நேராகத் துளைத்த இரும்புக் கட்டை ஒன்றை வழிகாட்டியாக வையுங்கள். டேப்பை மூலைமட்டம் வைத்துச் சரிபாருங்கள். மண்ணெண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. அலுமினியத் தூள் அடைத்து டேப் உள்ளேயே உடைந்தால் பிட் அதைத் தொடக்கூட முடியாது. அதை எடுக்க, மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் ஸ்பார்க் எரோஷன் மெஷின் இருக்கும் இடம் தேடி அலைய வேண்டும்.

கம்பியை மேல்மட்டத்திலிருந்து அரைச் சுற்று கீழே இறக்குங்கள். மட்டத்துக்கு மேலே நின்றால் வாஷர் உட்காராது. முடிந்ததும் கீழ்முனையில் இருக்கும் நாக்கை உடைத்து வெளியே எடுக்க வேண்டும். ஸ்பார்க் பிளக் ஓட்டையில் அந்த நாக்கைத் தட்டி உடைத்தால் நேரே பிஸ்டன் மேல் விழும். அங்கே கம்பியைவிட, குழாய்த் துண்டு போன்ற முழு உலோக புஷ் வகை மேல், ஹெட்டைக் கழற்றிச் செய்தால் இன்னும் மேல். கழற்றாமல் செய்பவர்கள் டேப் பள்ளங்களில் கிரீஸ் அப்பி, அடிக்கடி வெளியே எடுத்துத் துடைப்பார்கள். அதிலும் கொஞ்சம் தூள் உள்ளே போகத்தான் செய்யும்.

அடிமூடிய ஓட்டையில் ஆயில் தேங்கியிருந்தால் துடைக்காமல் போல்ட் ஏற்றாதீர்கள். ஆயில் ஒதுங்க இடமில்லாமல் எஞ்சின் கூடான கேஸிங்கே வெடிக்கும்.

அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் ஒட்டிக்கிடந்தால் அலுமினியம்தான் அரிக்கும். காரைக்குடிக்காரர்களுக்கு இது புதிதில்லை, 1953-இல் இங்கே திறந்த சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) ஆராயும் பாடங்களில் அரிமானமும் ஒன்று. மழையில் நிற்கும் வண்டியின் போல்ட்டுகளுக்கு, மரை ஒட்டிப் பிடிக்காமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசையை லேசாகத் தடவலாம். ஆனால் மரை வழவழப்பானால் அதே டார்க்கில் (முறுக்கு விசையில்) போல்ட் அதிகமாக இறுகும், அதனால் சற்றுக் குறைத்தே இறுக்க வேண்டும். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குச் சாதாரணமாக 10 நியூட்டன் மீட்டர் போதும், மேனுவலில் வேறு அளவு இருந்தால் அதைப் பாருங்கள்.

எஞ்சின் சூடாக இருக்கும்போது ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற வேண்டாம். ட்ரெயின் போல்ட்டுக்கு ஒவ்வொரு தடவையும் புது வாஷர் போடுங்கள். நசுங்கிய பழைய வாஷர் கசியும்போதுதான் ஸ்பேனரில் பைப்பை மாட்டி இறுக்கத் தோன்றும்.