வயதான வீட்டு நாய் இறந்தால் துக்கம் கடைப்பிடிப்பது எப்படி

மனிதர் இறந்தால் என்ன செய்வது என்று நம் ஊரில் யாரும் யோசிக்க வேண்டியதில்லை. யாருக்கெல்லாம் சொல்லிவிடுவது, யார் பந்தல் போடுவது, பக்கத்து வீட்டிலிருந்து யார் காபி போட்டுக் கொண்டுவருவது, பதினாறாம் நாள் என்ன, எல்லாம் முன்னாலேயே முடிவாகியிருக்கும் சங்கதி. துக்கப்படுகிறவர் உட்கார்ந்து அழுதால் போதும், மற்றதை ஊர் பார்த்துக்கொள்ளும். பதினாலு வருஷம் வீட்டோடு இருந்த நாய் செத்தால் இதில் ஒன்றுமே கிடையாது. காலையில் புதைத்துவிட்டு, குளித்துவிட்டு, பத்து மணிக்கு ஆபீஸ் போக வேண்டும். லீவு கேட்டால் காரணம் சொல்லக் கூச்சம். கென்னத் டோக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989-இல் இந்த மாதிரித் துக்கத்துக்குத் தனியாக ஒரு பெயரே வைத்தார், சுற்றியிருப்பவர்கள் துக்கமென்று ஒப்புக்கொள்ளாத துக்கம். இது இவ்வளவு கனப்பதற்கு பாசம் பாதிக் காரணம் என்றால், இதற்கென்று ஒரு முறை இல்லாதது மீதிக் காரணம். அந்த முறையை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம். எப்படி என்று சொல்லத்தான் எழுதுகிறேன். நாயை வைத்துச் சொல்கிறேன், பூனைக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

"நாய்க்குப் போய் இப்படியா அழுவாங்க" என்று யாராவது சொல்வார்கள், கட்டாயம் சொல்வார்கள். அவர்களோடு வாதாட வேண்டாம். ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்: திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு, ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போய் உயிரை விட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அதில் அவனோடு அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்னும் நாய் கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்று பெயர் சொல்லி எழுதியும் வைத்திருக்கிறார்கள். மதுரைப் பக்கம் இன்றைக்கும் கோயில் காளை செத்தால் வேட்டி போர்த்தி, மாலை போட்டு, மேளம் வைத்து ஊரே கூடி அடக்கம் செய்கிறது. பிராணிக்காக அழுவது நம் மண்ணுக்குப் புதுசு இல்லை.

முன்னாலேயே செய்ய வேண்டியது

வயதான பிராணி என்றால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும், அதை வீணாக்காதீர்கள். லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய நாய்கள் பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்கும். பொமரேனியன் போன்ற சின்ன ஜாதியும் நம் நாட்டு நாயும் இன்னும் சில வருஷம் கூட. கண்ணில் நீலச் சாம்பல் படர்வதும் மாடிப்படி ஏறத் தயங்குவதும் வயசுக் கோளாறு. தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்து அடிக்கடி ஒன்றுக்குப் போவது, வாய் நாறுவது, வாந்தி, இளைத்துக்கொண்டே போவது என்றால் கிட்னியாக இருக்கலாம், ரத்தம் எடுத்து, கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்ப்பார்கள். ராத்திரியெல்லாம் தூங்காமல் வீட்டைச் சுற்றுவது, சுவரைப் பார்த்தபடி நிற்பது, பழகின மூலையில் மாட்டிக்கொண்டு திரும்பி வரத் தெரியாமல் முழிப்பது இவையெல்லாம் மூளைக்கு வயதாகிவிட்டதன் அடையாளம். டாக்டரிடம் கூட்டிப்போகும்போது "குணமாகுமா" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். இந்த நோய் எப்படிப் போகும், கடைசியில் எப்படி இருக்கும், வலிக்கு என்ன கொடுக்கலாம், ராத்திரி இரண்டு மணிக்கு மோசமானால் யாரைக் கூப்பிடுவது, இந்த நாலையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற கால்நடை மருத்துவர் 2004-இல் ஒரு கணக்கு வகுத்தார். வலி, சாப்பாடு, உடம்பில் நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், நல்ல நாள் அதிகமா கெட்ட நாள் அதிகமா என்று ஏழு விஷயம், ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மார்க். கூட்டி 35-க்கு மேல் வந்தால் பிராணி ஓரளவு நன்றாகத்தான் இருக்கிறது, தொடர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். மார்க் போட மனசு வராதவர்கள் கடைசி விஷயத்தை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் நாய் மணிக்கு கிட்னி போன பிறகு அம்மா பால் கணக்கு எழுதுகிற மாதக் காலண்டரிலேயே அதைச் செய்தார்: எழுந்து வந்து சாப்பிட்ட நாளுக்கு ஒரு டிக், படுத்தே கிடந்த நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. தினமும் கூடவே இருப்பவர் கண்ணுக்கு இறக்கம் தெரிவதில்லை. காலண்டரில் ஒரு வரிசை முழுக்கப் பெருக்கல் குறியாக நின்றபோதுதான் வீட்டில் எல்லாரும் ஒரே பேச்சுக்கு வந்தோம்.

ஊசி போடுவது பற்றி

இனி தேறாது என்ற பிராணியை ஊசி போட்டு வலியில்லாமல் சாக விடலாமா? வீட்டில் பெரிய சண்டை வருவது இங்கேதான். பாவம் என்பார் ஒருவர், இழுத்துக்கொண்டு கிடப்பது அதைவிடப் பாவம் என்பார் இன்னொருவர். என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: குணமாக வழியில்லை, வலியை மருந்தால் அடக்க முடியவில்லை, மூச்சு விடவே கஷ்டப்படுகிறது என்று டாக்டர் சொல்லிவிட்டால் ஊசி போட்டு அனுப்புவது நாம் அதற்குச் செய்யும் கடைசி வைத்தியம். ஆனால் வீட்டில் எல்லாரும் பேசி முடிவெடுங்கள், ஒரே ஆள் தலையில் கட்டாதீர்கள். அந்தப் பாரம் வருஷக்கணக்கில் இறங்காது.

என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தால் பயம் குறையும். வழக்கமாக முதலில் தூங்க ஒரு ஊசி. அது அசந்த பிறகு, நரம்பில் மயக்க மருந்தை மிக அதிக அளவில் ஏற்றுவார்கள், சில நிமிஷத்தில் மூச்சும் இதயமும் நின்றுவிடும். கண் மூடாது, திறந்தபடிதான் இருக்கும். அதற்கப்புறமும் ஒரு பெருமூச்சோ தசைத் துடிப்போ வரலாம், மூத்திரம் போகலாம். உயிர் இருக்கிறதோ என்று பதறிவிடாதீர்கள், அது வலியே இல்லை. கூட நிற்க முடிந்தவர்கள் நில்லுங்கள், தலையில் கை வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். நிற்க முடியாதவர்களை யாரும் குறை சொல்ல வேண்டாம். முடிந்தால் டாக்டரை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள், ஆஸ்பத்திரி வாசனைக்கே நடுங்குகிற நாய் என்றால் இது பெரிய உபகாரம்.

அன்றைக்குச் செய்ய வேண்டியவை

சில மணி நேரத்தில் உடம்பு விறைக்க ஆரம்பிக்கும். அதற்குள் காலை மடக்கி, அது சுருண்டு தூங்குகிற வாக்கில் படுக்க வையுங்கள். வாயிலிருந்தும் பின்பக்கமிருந்தும் நீர் கசியும், கீழே பழைய துண்டு விரித்துவிடுங்கள். பெல்ட்டைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். வெயில் காலம் என்றால் ஃபேனுக்கு அடியில், ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, அன்றே அடக்கம் செய்துவிடுவது நல்லது. யாரையாவது கடித்திருந்தாலோ, திடீரென்று வெறித்தனமாக நடந்து இறந்திருந்தாலோ வெறும் கையால் தொடாமல் முதலில் டாக்டருக்குச் சொல்லுங்கள்.

சொந்த நிலம் இருந்தால் கிணறு, போர்வெல் பக்கத்தை விட்டுத் தள்ளிப் போய் குறைந்தது நாலடி ஆழம் வெட்டுங்கள். ஊசி போட்டு இறந்ததென்றால் இன்னும் ஆழமாக, ஏனென்றால் அந்த மருந்து உடம்பிலேயே இருக்கும், தோண்டித் தின்னும் தெருநாய்க்கும் ஆபத்து. பருத்தித் துணியில் சுற்றுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். மண்ணை நன்றாக மிதித்து மேலே கல்லோ கருவேல முள்ளோ போட்டுவிட்டால் எதுவும் கிளறாது. நிலம் இல்லாத அபார்ட்மென்ட்காரர்கள்தான் தவித்துப்போவார்கள், அதனால் முன்னாலேயே விசாரித்து வையுங்கள். சென்னையில் வேளச்சேரி புளூ கிராஸில் பிராணிகளை எரியூட்டும் வசதி இருக்கிறது, போன் பண்ணி நேரமும் கட்டணமும் கேட்டுக்கொண்டு போகலாம். மற்ற ஊர்களில் மாநகராட்சியையோ உங்கள் டாக்டரையோ கேளுங்கள்.

சாங்கியம் ஏதாவது செய்யலாமா என்று கேட்பார்கள். தாராளமாகச் செய்யுங்கள். மஞ்சள் தண்ணீர் தெளிப்பது, ஒரு முழம் பூ, அதற்குப் பிடித்த பிஸ்கட் இரண்டு, ஆளுக்கு ஒரு கைப்பிடி மண். எந்த மதமானாலும் கைப்பிடி மண் போடுவதில் ஒரு நிம்மதி இருக்கிறது, நம் கையாலேயே வழியனுப்பினோம் என்று மனசு ஒப்புக்கொள்ளும். அப்புறம் யாருக்கெல்லாம் சொல்ல வேண்டுமோ அவர்களுக்கு நீங்களே போன் பண்ணுங்கள், அதைத் தூக்கி வளர்த்த அத்தை, தினமும் பிஸ்கட் போட்ட வாட்ச்மேன், பால்காரர். ஸ்டேட்டஸ் போடுவதைவிட இது மேல். இவர்கள் அழாவிட்டாலும் "அது என்னைப் பார்த்தா வாலாட்டிக்கிட்டே ஓடிவருமே" என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். துக்கம் விசாரிப்பது என்றால் அதுதான்.

அதற்குப் பிறகு வரும் நாட்கள்

அழுகையைவிட அசத்துவது பழக்கம். கேட்டைத் திறக்கும்போது அது வெளியே ஓடிவிடக் கூடாதென்று முழங்காலை முன்னால் வைத்துக் கொஞ்சமாகத் திறப்போமே, நாய் போன பிறகும் அந்த முழங்கால் தானாக முன்னால் போகும். தட்டில் கடைசித் துண்டு தோசையை ஓரமாக ஒதுக்கிவிட்டு, யாருக்கு ஒதுக்கினோம் என்று கை அப்படியே நிற்கும். மொசைக் தரையில் நகம் டக்டக்கென்று கேட்ட மாதிரி இருக்கும், திரும்பிப் பார்ப்போம். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், இது எல்லாருக்கும் வரும், கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.

சாமான்களை அன்றைக்கே தூக்கி எறியாதீர்கள், வருஷக்கணக்கில் அப்படியே வைத்திருக்கவும் வேண்டாம். பிரிக்காத மருந்து, மீந்த தீனி, டிரிப்ஸ் பாட்டில் இவற்றை டாக்டரிடமோ பிராணிகள் காப்பகத்திலோ கொடுங்கள். கிட்னி நாய்க்கு வீட்டிலேயே முதுகுத் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்து டிரிப்ஸ் ஏற்றியவர்களுக்கு அந்த பாட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசையும், அதுதான் முதலில் வீட்டை விட்டுப் போக வேண்டிய சாமான். பெல்ட்டும் தட்டும் இருக்கட்டும். பதினாறாம் நாளோ முப்பதாம் நாளோ ஒரு தேதி வைத்து, எல்லாரும் உட்கார்ந்து போட்டோக்களைப் பார்த்து, நல்லதாக நாலைந்தை பிரிண்ட் போட்டுவிட்டு, மற்ற சாமானை என்ன செய்வதென்று அன்றைக்கு முடிவு பண்ணுங்கள்.

குழந்தைகளிடம் "மாமா ஊர்ல விட்டிருக்கோம்" என்று சொல்லும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். குழந்தை காத்திருக்கும், மாமா ஊருக்குப் போகும்போதெல்லாம் தேடும். "தூங்கிடுச்சு" என்றால் தூங்கவே பயப்படும். செத்துப்போச்சு, உடம்பு வேலை செய்யறது நின்னுபோச்சு, இனி வராது, அதுக்கு இப்ப வலிக்காது என்று நேராகச் சொல்லுங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை மறுநாளும் "எப்ப வரும்" என்று கேட்கும், அதே பதிலை அதே பொறுமையோடு திரும்பச் சொல்ல வேண்டியதுதான்.

பெரியவர்களைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறோம். பல வீடுகளில் அந்த நாய் உண்மையில் ரிட்டயர் ஆன அப்பாவுடையது. காலை ஐந்தரைக்கு வாக்கிங், டீக்கடையில் நாலு பேரோடு பேச்சு, மருந்து கொடுக்கும் நேரம், எல்லாம் அதை வைத்துத்தான் ஓடியிருக்கும். அது போனதும் அவர் அழ மாட்டார், வாக்கிங்கை நிறுத்திவிடுவார். பிரஷர் ஏறும், பேச்சு குறையும், "வயசாச்சுல்ல" என்று வீடு விட்டுவிடும். அந்த முதல் சில வாரம் யாராவது ஒருவர் அதே நேரத்துக்கு எழுந்து, அதே வழியில் அவரோடு நடங்கள். நாயைப் பற்றிப் பேச வேண்டும் என்றுகூட இல்லை, டீக்கடைக்காரர் "எங்க சார் உங்காளு" என்று கேட்கும்போது பக்கத்தில் ஆள் இருந்தால் போதும்.

வீட்டில் இன்னொரு நாயோ பூனையோ இருந்தால் அதுவும் தேடும், வாசலில் போய் உட்காரும், சரியாகச் சாப்பிடாது. அடக்கத்துக்கு முன்னால் ஒருமுறை மோந்து பார்க்க விடுங்கள், அதன் சாப்பாட்டு நேரத்தை மாற்றாதீர்கள். நாய் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். பூனைக்கு அவ்வளவு நாள் காத்திருக்காதீர்கள், பட்டினி கிடந்தால் அதற்கு ஈரல் கெட்டுப்போகும்.

குற்ற உணர்ச்சி வராதவர் யாரும் இல்லை. ஊசி போட்டவர் அவசரப்பட்டோமோ என்பார், போடாதவர் வதைத்துவிட்டோமோ என்பார், பணம் இல்லாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகாதவர் அதையே சொல்லிச் சொல்லி மாய்வார். ஒரு தாளில் அந்தக் கடைசி மாதத்தில் உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது, கையில் எவ்வளவு இருந்தது, டாக்டர் என்ன சொன்னார் என்று வரிசையாக எழுதுங்கள். முடிவு தெரிந்த பிறகு வந்த புத்தியை அதில் சேர்க்காதீர்கள். எழுதிய தாளை வீட்டில் இன்னொருவரிடம் படிக்கக் கொடுங்கள். வாரக்கணக்கில் தூக்கம், சாப்பாடு இல்லை, வேலை ஓடவில்லை, உயிரோடு இருந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் தள்ளிப்போடாமல் 14416-க்கு போன் பண்ணுங்கள். டெலி மனஸ் என்ற அரசாங்கச் சேவை, கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். நாய்க்காகவா போன் பண்ணினாய் என்று நினைத்துவிடுவார்களோ என்று தயங்க வேண்டாம்.

அடுத்த நாய் எப்போது? சொந்தக்காரர் யாராவது ஒரு வாரத்திலேயே குட்டியைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்து நிற்பார். நல்ல எண்ணம்தான், ஆனாலும் அன்போடு வேண்டாம் என்று சொல்லுங்கள். "இனி ஜென்மத்துக்கும் வளர்க்க மாட்டேன்" என்ற சத்தியமும் வேண்டாம். பழைய நாயைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேச முடிகிற காலம் வந்த பிறகு, குட்டியை யார் நடத்திக் கூட்டிப்போவது, ஊருக்குப் போனால் யார் பார்ப்பது, இன்னும் பன்னிரண்டு பதினாலு வருஷம் இந்த வீட்டால் முடியுமா என்று பேசி முடிவெடுங்கள். வீட்டில் இருப்பவர்கள் வயதானவர்கள் என்றால் குட்டியை விட, காப்பகத்தில் யாரும் எடுக்காமல் கிடக்கும் ஏழெட்டு வயது நாயைக் கேட்டுப் பாருங்கள். பெயர் மட்டும் புதிதாக வையுங்கள்.