பிளையரால் நசுக்கிய டெர்மினல் படுத்திய பாடு

த்ரீடி பிரிண்டரில் திடீர் திடீரென்று வெப்பநிலை தாறுமாறாகக் காட்டி, பாதி அச்சிலேயே நின்றுவிடும். வெப்பநிலையை அளக்கும் தெர்மிஸ்டர்தான் போச்சு என்று புதிதாக மாட்டியும் அதே கதை. ஒயரை லேசாக அசைத்தபோதுதான் பிடிபட்டது: நான் பிளையரால் நசுக்கி, அதன்மேல் நம்பிக்கையில்லாமல் சால்டரும் வைத்திருந்த எக்ஸ்ஹெச் டெர்மினல், அதாவது கனெக்டருக்குள் போகிற, ஒயர் நுனியில் மாட்டும் குட்டி உலோக முனை! சால்டர் இழைகளுக்குள் ஏறி ஒயர் விறைத்துப்போய், சால்டர் முடிகிற இடத்தில் முறிந்திருந்தது.

சரி என்று, டெர்மினலை ஒயரோடு சரியாக அழுத்திப் பிடிக்கவைக்கும் ராட்செட் கிரிம்பிங் டூல் வாங்கினேன். 24 கேஜ் ஒயரை 2 மி.மீ. அளவுக்கு மட்டும் உரித்து, டெர்மினலின் முன் காதுகள் செம்பையும் பின் காதுகள் மேலுறையையும் பிடிக்கிற மாதிரி வைத்து அழுத்தினேன். முதல் ஐந்தாறு குப்பைக்குத்தான் போயின, டூலில் வேறு அளவுப் பல்லில் வைத்துவிட்டேன். அப்புறம் வந்தது இழுத்தாலும் அசையவில்லை. கனெக்டருக்குள் தள்ளும்போது 'டிக்' என்று கேட்டது.