வயிற்றுவழி டயாலிசிஸ்: உள்ளே இருக்கும் காவலுக்கு வேலையைக் குறைப்பது எப்படி?

நான்கு வருடமாக வயிற்றுவழி டயாலிசிஸ் செய்கிறேன். சிறுநீரகம் செய்ய வேண்டிய சுத்திகரிப்பை, குழாய் வழியே வயிற்றுக்குள் திரவத்தை விட்டு, பிறகு வடித்துச் செய்வது இது. தினமும் நான்கு பை திரவம். “எதிர்ப்பு சக்திக்கு என்ன குடிக்கிறீர்கள்?” என்று கேட்காத ஆளே இல்லை. அப்படி ஒன்றும் குடிப்பதில்லை.

வயிற்றின் உள்ளுறையில் மேக்ரோபேஜ் என்ற செல்கள் உண்டு. கிருமியைக் கண்டால் விழுங்கிவிடும். நாம் இரண்டு லிட்டர் திரவத்தை உள்ளே விட்டதும் அவை அதில் பரவி நீர்த்துப்போகின்றன. வடிக்கும்போது ஒரு பங்கு வெளியே போய்விடுகிறது. கிருமியை அடையாளம் காட்டும் ஆன்டிபாடிகளும் கூடவே. மிச்சமிருப்பவற்றைத் திரவத்தின் அமிலமும் குளுக்கோஸும் மந்தமாக்குகின்றன. அதனால் உப்பைக் குறையுங்கள். உடம்பில் நீர் தங்குவது குறைந்தால், அதிக நீரை இழுக்கக் குளுக்கோஸ் கூடுதலாக உள்ள 4.25 சதவீதப் பையின் தேவையும் குறையும். ஆனால் பையை நீங்களாக மாற்றாதீர்கள். அமிலம் குறைந்த இரட்டை அறைப் பை (திரவத்தை இரு பகுதியாக வைத்து, உள்ளே விடும்முன் கலப்பது) ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேட்கலாம். அது தொற்றைக் குறைக்குமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை.

அப்புறம் கை. சோப்புப் போட்டுக் கழுவுவதை எல்லோரும் செய்கிறோம், துடைப்பதில்தான் அவசரம். ஈரக்கையோடு டயாலிசிஸ் குழாயைத் தொடாதீர்கள். முகக்கவசம் போட்டு, கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டு இணையுங்கள். ஒரு மதியம் புழுக்கம் தாங்காமல் விசிறியை ஓடவிட்டேன். அதுதான் காரணமா என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் மூன்றாம் நாள் வயிறு வலித்தது. வடித்த பையைச் செய்தித்தாள் மேல் வைத்துப் பார்த்தேன். தினமும் பையின் வழியே படிக்க முடிகிற எழுத்துகள் அன்று கஞ்சித் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல மங்கிவிட்டன. அந்தக் கலங்கலே சண்டைக்கு வந்து குவிந்த வெள்ளணுக்கள்தான். ஒரு மைக்ரோலிட்டரில் 100க்கு மேல் இருந்து, அதில் பாதிக்கு மேல் நியூட்ரோபில் என்ற வெள்ளணு வகை என்றால் பெரிடோனைட்டிஸ், அதாவது வயிற்று உள்ளுறையின் அழற்சி, என்று பார்ப்பார்கள். எனக்கும் அதேதான். பை கலங்கினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே டயாலிசிஸ் பிரிவுக்குப் போன் செய்யுங்கள். பையைக் கொட்டிவிடாமல் கையோடு எடுத்துப் போங்கள்.

குழாய் வெளிவரும் இடத்தைத் தினமும் சுத்தம் செய்து, எழுதிக்கொடுத்த ஆன்டிபயாட்டிக் களிம்பைப் போடுங்கள். எனக்கு முப்பிரோசின். மலச்சிக்கலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், குடலில் இருக்கும் கிருமிகள் சுவர் தாண்டி வரக்கூடும்.

சாப்பாட்டில் புரதம் முக்கியம். தினமும் சுமார் 5 முதல் 15 கிராம் புரதம் வடிநீரோடு போய்விடுகிறது, ஆன்டிபாடியும் புரதம்தானே. உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் என்று எனக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள், உங்கள் அளவை உணவு ஆலோசகரிடம் கேளுங்கள்.

ஃப்ளூ, நிமோனியா, ஹெபடைடிஸ் பி தடுப்பூசிகளைத் தள்ளிப்போடாதீர்கள். ஹெபடைடிஸ் பி நமக்குக் கூடுதல் அளவில் போடுவார்கள். பல் பிடுங்கவோ பெருங்குடல் எண்டோஸ்கோபிக்கோ போகும்முன் டயாலிசிஸ் நடக்கிறது என்று சொல்லிவிடுங்கள், முன்கூட்டியே மருந்து தர வேண்டியிருக்கும்.

வீட்டில் பூனை இருந்தால் பை மாற்றும் அறைக்குள் விடாதீர்கள். தொங்கும் குழாயைப் பார்த்தால் கடிக்காமல் இருக்காது.