வெங்கரையும் இன்றைய ஆர்செனலையும் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2017 மார்ச்சில் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் மைதானத்தில் லண்டன் கால்பந்துக் கிளப்பான ஆர்செனல் ஆடிக்கொண்டிருந்தபோது, வானில் அடுத்தடுத்து இரண்டு சிறு விமானங்கள் பதாகைகளை இழுத்துக்கொண்டு பறந்தன. 1996 முதல் அதன் மேலாளராக இருந்த ஆர்சென் வெங்கருக்குப் புதிய ஒப்பந்தம் தரக் கூடாது என்றது ஒரு பதாகை; அவருக்கு மரியாதை கொடுங்கள் என்றது மற்றொன்று. இரண்டையும் அனுப்பியவர்கள் ஒரே அணியின் ரசிகர்கள். அன்று ஆர்செனல் 1-3 என்று தோற்றது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் வெங்கர் விலகிய பிறகும் அந்த வழக்கு முடியவில்லை. இப்போதைய மேலாளர் மிக்கேல் ஆர்டெட்டாவின் அணி ஓர் ஆட்டத்தை டிரா செய்துவிட்டால்கூட, யாராவது ஒருவர் வெங்கரின் பெயரை எடுத்துவிடுகிறார். இந்த வாதங்களில் நானும் பல ஆண்டுகளாகக் கலந்துகொண்டிருக்கிறேன். அவற்றில் நேரும் தவறுகளுள் பெரும்பாலானவை, இருபத்திரண்டு ஆண்டுக் காலப் பணியையும் ஒரு வீரரின் மூன்று மாத ஆட்டத்தையும் ஒரே தராசில் நிறுக்க முயல்வதால் வருபவை என்றே நினைக்கிறேன்.

வெங்கரின் காலத்தை 2005-இல் இரண்டாக வெட்டி, முதல் பாதியில் அவர் மேதை, இரண்டாம் பாதியில் வெறும் பிடிவாதக்காரர் என்று தீர்ப்பெழுதுவது இவற்றுள் மிகப் பழையது. 1996 முதல் 2005 வரை மூன்று லீக் பட்டங்கள், இங்கிலாந்தின் நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பை நான்கு முறை, 2003-04-இல் 38 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் 26 வெற்றி, 12 டிரா. அதன் பின் 2014 வரை ஒரு கோப்பையும் இல்லை. கணக்கு சரிதான். ஆனால் இடையில் நடந்ததை இந்தக் கணக்கு சொல்வதில்லை. 2006-இல் கிளப், ஏறத்தாழ 38,000 பேர் அமரும் பழைய மைதானமான ஹைபரியை விட்டு, 60,000 பேர் அமரும் புதிய மைதானத்துக்குக் குடிபெயர்ந்தது. 39 கோடி பவுண்டு செலவான அந்தத் திட்டத்துக்கு வங்கிகளிடமிருந்து வாங்கிய கடன் மட்டும் 26 கோடி பவுண்டு. கடனைக் கட்டிக்கொண்டே அணியை முதல் நான்கு இடங்களுக்குள் வைத்திருக்க வேண்டும், அந்த இடங்களால் கிடைக்கும் ஐரோப்பியப் போட்டியான சாம்பியன்ஸ் லீகின் வருமானம் ஒரு பருவம்கூடத் தவறக் கூடாது என்பதுதான் அன்று வெங்கரின் தலைமேல் இருந்த சுமை. 2011 ஆகஸ்டில் முக்கிய நடுக்கள வீரர்களான ஃபாப்ரெகாஸும் நாஸ்ரியும் விற்கப்பட்டார்கள். அதே மாதத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் 8-2 என்ற தோல்வியும் வந்தது. அந்த 8-2-ஐ நினைவில் வைத்திருப்பவர்கள், அதே பருவத்தை ஆர்செனல் மூன்றாம் இடத்தில் முடித்ததை ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

அதற்காக, எல்லாப் பழியையும் மைதானக் கடன்மேல் சுமத்திவிட்டு நகர்வதும் நேர்மையாகாது. 2013-இல் மெசுட் ஒசிலை 4.25 கோடி பவுண்டு கொடுத்து வாங்கியபோதே கிளப்பின் கை ஓரளவு தளர்ந்திருந்தது. ஆயினும் 2015 கோடையில் கோல்கீப்பர் பீட்டர் செக்கைத் தவிர மூத்த அணிக்கு ஒரு வீரரைக்கூட வெங்கர் வாங்கவில்லை. பெரிய அணிகள் வரிசையாகச் சறுக்கிய அந்தப் பருவத்தில் லெஸ்டர் சிட்டி பட்டம் வென்றது. 10 புள்ளிகள் பின்தங்கிய ஆர்செனலுக்கு இரண்டாம் இடமே கிடைத்தது. அவரைக் கொண்டாடும் ரசிகனான என்னாலும் இந்த ஒரு முடிவுக்காக வாதாட முடியவில்லை.

வெவ்வேறு காலங்களின் புள்ளிகளை அருகருகே வைத்து ஒப்பிடுவதும் நம்மைத் திசைதிருப்பும். 1997-98-இல் வெங்கரின் அணி 78 புள்ளிகளோடு பட்டம் வென்றது. 2023-24-இல் ஆர்டெட்டாவின் அணி 89 புள்ளிகள் எடுத்தும் மான்செஸ்டர் சிட்டியின் 91 புள்ளிகளுக்குப் பின்னால் நின்றது. இந்த எண்களைக் காட்டி ஆர்டெட்டாவின் அணியே மேலானது என்பாரும் உண்டு, இவ்வளவு எடுத்தும் வெல்லத் தெரியாத அணி என்பாரும் உண்டு. எந்தப் பருவத்தையும் அதே பருவத்தின் எதிராளிகளோடு வைத்துத்தான் அளக்க முடியும்.

இன்றைய வீரர்களின் ஃபார்மைப் பற்றிய பேச்சில், கோல் எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவு கட்டும் பழக்கம் வேரூன்றிவிட்டது. மார்ட்டின் ஓடெகார்டு 2022-23 லீகில் 15 கோல்களும், அடுத்த பருவத்தில் 8 கோல்களும், 2024-25-இல் 3 கோல்களும் அடித்தார். "கேப்டன் முடிந்துவிட்டார்" என்ற கூக்குரல் எழ இந்த மூன்று எண்களே போதுமானவையாக இருந்தன. ஆர்செனலின் வலப்பக்கத்தைக் கூர்ந்து கவனித்தவர்களுக்கு வேறொன்று தெரிந்திருக்கும். புகாயோ சாகா எல்லைக்கோட்டை ஒட்டி நின்று இரண்டு தடுப்பாட்டக்காரர்களைத் தன் பக்கம் இழுப்பார். பென் வைட் பின்னாலிருந்து அவரைச் சுற்றிக்கொண்டு முன்னே ஓடுவார். அந்தக் கணத்தில் உள்பக்கம் திறக்கும் சிறு இடைவெளியில் ஓடெகார்டு பந்தை வாங்குவார். 2024 செப்டம்பரில் நார்வேக்காக ஆடும்போது ஓடெகார்டின் கணுக்கால் காயமடைந்தது. அவர் திரும்பிய நவம்பரில் வைட்டுக்கு முழங்கால் அறுவை நடந்தது. டிசம்பரில் சாகா பின்தொடைத் தசைக் காயத்தால் வெளியேறினார். முக்கோணத்தின் இரண்டு முனைகள் இல்லாத மாதங்களை வைத்து மூன்றாவது முனையை எடைபோடுவது அநியாயம். அப்பருவத்தின் 14 டிராக்களையும், பிரைட்டன், மான்செஸ்டர் சிட்டி, போர்ன்மத் அணிகளுக்கு எதிராக வாங்கிய சிவப்பு அட்டைகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடச் சிக்கலானது, ஒரு வீரரின் ஆட்டத்தைப் பழைய மேலாளருக்கு எதிரான சாட்சியாகவோ ஆதரவான சாட்சியாகவோ கூண்டில் ஏற்றுவது. 2020 எஃப்.ஏ. கோப்பை ஆர்டெட்டாவின் சாதனைதான். ஆனால் அந்த இறுதி ஆட்டத்தில் செல்சிக்கு எதிராகத் தொடக்கத்திலேயே களமிறங்கிய 11 பேரில் மார்ட்டினெஸ், ஹோல்டிங், பெயெரின், ஷாக்கா, மெயிட்லண்ட்-நைல்ஸ், லகஸெட், இரண்டு கோல்களும் அடித்த ஔபமயாங் ஆகிய 7 பேர் வெங்கரின் காலத்தில் கிளப்புக்கு வந்தவர்கள். வெங்கரும் வெறுங்கையோடு தொடங்கியவர் அல்லர். சீமன், டிக்சன், ஆடம்ஸ், விண்டர்பர்ன் என்ற அசைக்க முடியாத தற்காப்பு அவருக்கு முன்னாள் மேலாளர் ஜார்ஜ் கிரகாமின் காலத்திலிருந்து வந்தது; முன்கள வீரர் பெர்க்காம்பை வாங்கியது இன்னொரு முன்னாள் மேலாளர் புரூஸ் ரியாக்கின் ஆட்சியில்.

சாகாவை யாருடைய கணக்கில் எழுதுவது? வெங்கர் பொறுப்பில் இருந்தபோது கிளப்பின் இளையோர் பயிற்சிக்கூடமான ஹேல் எண்டு அகாதமியில் வளர்ந்தார். 2018 நவம்பரில், வெங்கருக்குப் பின் மேலாளரான உனாய் எமெரியின் கீழ் மூத்த அணிக்கு முதன்முதலாக ஆடினார். ஆர்டெட்டாவிடம் உலகத்தரம் பெற்றார். 2025 ஏப்ரல் முதல் நாள், ஃபுல்ஹாமுக்கு எதிராக மூன்று மாதங்களுக்குப் பின் மாற்று வீரராக இறங்கிய சில நிமிடங்களிலேயே தலையால் முட்டிக் கோல் அடித்தார். அடித்ததும் அவர் நேராக ஓடிச் சென்று கட்டிக்கொண்டது, தன் காலைத் தேற்றிக் கொண்டுவந்த பிசியோதெரபிஸ்டை.